அறுபதடி மேடை

இந்தப் பைய மட்டும் ஒரு நிமிஷம் மடியில வெச்சுக்கறீங்களா சார்? கனமெல்லாம் இல்லீங்க. மேல கம்பியில வெச்சா ஆடி ஆடி விழுந்துரும். கீழ வெச்சா எவனாவது மிதிச்சுப்போடுவான். உள்ள இருக்கறது கம்ப்யூட்டருங்க. ஆமாங்க, கம்ப்யூட்டர்தான். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். ஒத்தப் பலகை, அதுலயே எல்லாம் அடக்கம். சிரிக்காதீங்க. மொதல்ல பாத்தப்ப நானும் சிரிச்சவன்தான். இப்பச் சிரிப்பெல்லாம் போயிருச்சு.

"சேலம் ஒண்ணு குடுங்க கண்டக்டர். புது பஸ் ஸ்டேண்டு."

ம், ஆச்சு. குடுங்க சார்... இல்ல, உங்க மடியிலயே இருக்கட்டுங்களா? நீங்க பதனமா வெச்சிருக்கீங்க. என்கிட்ட இருந்தா எங்கயாவது போட்டு ஒடைச்சிருவேன். அவ்வளவு கோவம். மூணு வருஷத்துக் கோவம்.

நீங்க கம்ப்யூட்டர் வேலைங்களா? தோள் பையப் பாத்தே நெனச்சேன். அப்ப உங்ககிட்டச் சொல்லலாம். எங்கூர்ல எவன்கிட்டச் சொன்னாலும் கொட்டாவி விடறான்.

என் பேரு சென்னியப்பன். நாமகிரிப்பேட்டை ரோட்டுல பச்சைப் பெயின்ட் அடிச்ச எடைமேடை ஒண்ணு இருக்குதுங்களே, அது நம்முதுதான். நம்முதுன்னா, பாதி நம்முது. மீதிப் பாதி என் தம்பி வையாபுரியுது. அந்தப் பாதிதான் என் உயிரெடுக்குது.

எடைமேடை தெரியுமில்லீங்க? லோடு லாரி மேல ஏறி நிக்கும். ரூமுக்குள்ள எடை காட்டும். நாம லாரி நம்பர் அடிச்சா சீட்டு வரும். அந்தச் சீட்டு இல்லாம ஜவ்வரிசி ஆலைக்காரன் கேட்டைத் தொறக்க மாட்டான். தை மாசி மரவள்ளிக்கிழங்கு சீசன்ல ஒரு நாளைக்கு நாப்பது அம்பது வண்டி வரும். மேடை நீளம் அறுபது அடி. இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் எறங்கலாம், அந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம் எறங்கலாம்.

அவனும் நானும் பேசி மூணு வருஷம் நாலு மாசம் ஆச்சுங்க. ஏன்னு நீங்களாக் கேக்க மாட்டீங்க, நானே சொல்றேன். ஒரு நாள் ஒரு கிழங்கு லோடு எடை போட்டுச் சீட்டுக் குடுத்துட்டேன். வண்டி எறங்கிப் போயிருச்சு. இவன் பின்னாலயே ஓடி, ரோட்டுல மறிச்சு, வண்டியத் திருப்பிக் கொண்டாந்து, மறுபடி மேடையில ஏத்தி, மறுபடி எடை போட்டான். நான் போட்ட எடைய! நாலு டிரைவருங்க டீக் குடிச்சுட்டு நிக்கறாங்க, அவங்க முன்னால. கேட்டா, லாரி நம்பர்ல எட்டை மூணுன்னு அடிச்சுட்டேனாம். மறுபடி எடை போட்டாத்தான் புதுச் சீட்டு வருமாம். அடிச்சா என்னங்க? சாயங்கால நேரம், வெளிச்சம் பத்தல. இதுல கண்ணாடி போடுண்ணான்னு புத்தி வேற சொல்றான். எனக்கு எதுக்குங்க கண்ணாடி? இதா, முன்னால போற லாரி என்ன நம்பருன்னு கேளுங்க, சொல்றேன். முப்பதா... இருபதா... அவன் வேகமாப் போறான், விடுங்க.

எடைமேடைக்காரனுக்கு அதவிட அவமானம் ஒண்ணு இருக்குதுங்களா? மூஞ்சியில துப்பியிருந்தாக்கூடத் தொடச்சுட்டுப் போயிருப்பேன். அன்னைக்கு ராத்திரியே எங்க தாய்மாமனுக்குப் போனப் போட்டு, பாகம் பிரிச்சு விடுங்கன்னுட்டேன்.

மாமன் வந்தாரு. காட்டைப் பிரிச்சாரு, கெணத்தைப் பிரிச்சாரு. மேடைய எப்படிப் பிரிக்கறது? நடுவுல அறுத்தா லாரி பாதிதான் ஏறும். அதனால தேதி வெச்சுப் பிரிச்சாரு. ஒத்தப்படைத் தேதி எனக்கு, ரெட்டைப்படை அவனுக்கு. ரெண்டு மாசம் ஓடுச்சு. அப்பறந்தான் பாத்தோம், முப்பத்தொண்ணும் ஒத்தப்படை, மறுநாள் ஒண்ணாந்தேதியும் ஒத்தப்படை. எனக்குத் தொடர்ந்தாப்புல ரெண்டு நாள் வருது. வையாபுரி ஒண்ணும் கேக்கல. கேக்காம இருக்கறதுதான் அவன் கெட்ட கொணம். நானே மாமனைக் கூப்பிட்டு, இது வேண்டாம், நாளைக்கு ஒரு பேச்சு வரும், வேற மாதிரி பிரிங்கன்னேன்.

மாமன் மண்டையச் சொறிஞ்சு, வாரக் கணக்கு மாசக் கணக்குன்னு ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டி, இந்த சீசனுக்கு முன்னாலதான் கடைசியா ஒண்ணு சொன்னாரு. ஆத்தூர்ப் பக்கமிருந்து வர்ற வண்டி எல்லாம் பெரியவனுக்கு, ராசிபுரம் பக்கமிருந்து வர்றது சின்னவனுக்கு. கெழக்குக் கோடியில எனக்கொரு ரூமு, மேக்குக் கோடியில அவனுக்கொரு ரூமு. அவன் மூஞ்சிய நான் பாக்க வேண்டியதில்ல. நடுவுல அறுபது அடி இரும்புத் தகடு. எனக்குப் பரம திருப்தி.

அங்கதான் சார் வந்துச்சு வெனை. எடை காட்டற பெட்டிக்கு அரசாங்க முத்திரை போட்டிருக்கும். அதுலருந்து ஒரே ஒரு ஒயருதான் வெளிய வரும். இன்னொண்ணு இழுக்கணும்னா முத்திரைய ஒடைக்கணும். ஒடைச்சா மேடைய மூடிருவாங்க. ஆக ஒயரு ஒண்ணு, கம்ப்யூட்டர் ஒண்ணு. ரூமு ரெண்டு, திரை ரெண்டு, ஒருத்தனோட ஒருத்தன் பேசாத மனுசங்க ரெண்டு.

சேலத்துல பர்வீன்னு ஒரு அம்மிணி தராசு சர்வீஸ் கடை வெச்சிருக்குது. கெட்டிக்காரப் பொண்ணு. அதுதான் இந்தச் சீட்டுக்கட்டு கம்ப்யூட்டரக் கொண்டாந்துச்சு. "ஐயா, இதுல லினக்ஸ் ஓடும். படம் கிடமெல்லாம் வேண்டாம், கறுப்புத் திரையில எழுத்து மட்டும். தூசியிலயும் வெயில்லயும் சொன்ன பேச்சுக் கேக்கும். திரைக்கு ரெண்டு ஓட்டை இருக்குது, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு உங்க தம்பிக்கு"ன்னு சொல்லுச்சு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

மொத நாள் என்னோடது எரிஞ்சுது, அவனுது கறுப்பு. வெயில்ல மேடை ஓரமா ஒயரப் பதிச்சு, மண்ணள்ளி மூடி, கடைசியில கறுப்பு. பர்வீன் ஏதோ ஒரு வரிய மாத்துச்சு. அவனுது எரிஞ்சுது, என்னோடது கறுப்பு. இன்னொரு வரிய மாத்துச்சு. ரெண்டும் எரிஞ்சுது. அப்பாடான்னு பாத்தா, ரெண்டுலயும் ஒரே எழுத்து! நான் இங்க என்ன அடிச்சாலும் அவன் அங்க பாக்கறான். பாகம் பிரிச்சு என்ன பிரயோசனம்? என் தோள் மேலயே உக்காந்துட்டிருக்கற மாதிரி. அதுக்கு மேல கேளுங்க, நான் ஒரு லாரிக்கு நம்பர் அடிக்கறேன், மூணுன்னு அடிச்சது என் கண்ணு முன்னாலயே எட்டுன்னு மாறுது. அவன் அங்கருந்து திருத்தறான் சார்! ஒரு நாள் இல்ல, ஒரு வாரம். ஏழெட்டு வண்டி. நானும் மறுக்கா மூணுன்னு அடிப்பேன், அவன் மறுக்கா எட்டுன்னு அடிப்பான். கடைசியில டிரைவர் எறங்கி வந்து, "எட்டுதானுங்க"ன்னான். அவனுக்கு வையாபுரி டீ வாங்கிக் குடுத்திருப்பான்.

உடனே போனப் போட்டேன். "அம்மிணி, எனக்கு வேற, அவனுக்கு வேற வேணும். என்னோடது அவன் கண்ணுல படக்கூடாது."

மறுபடி வந்துச்சு. நாள் பூராக் குந்திச்சு. இதுல கன்சோல்னு ஒண்ணு இருக்குதாமுங்க, எழுத்தடிக்கற பலகைன்னு வெச்சுக்கங்க. ஒண்ணாம் நம்பர் கன்சோல் எனக்கு, ரெண்டாம் நம்பர் அவனுக்கு. சரி, நியாயம். மூத்தவன் ஒண்ணு. திரைக்கும் நம்பர் உண்டாம். அது என்னன்னு கேட்டேன். உங்க திரை சைபர், உங்க தம்பி திரை ஒண்ணுங்குது.

நான் சைபரு! அவன் ஒண்ணு!

"என்ன அம்மிணி, ஊர்ல கேட்டா சிரிக்க மாட்டாங்களா?"ன்னேன். "ஐயா, கன்சோல ஒண்ணுலருந்து எண்ணும், திரைய சைபர்லருந்து எண்ணும், அது அப்படித்தான்"னுச்சு. ஒரே மெஷின், ஒண்ண ஒரு மாதிரி எண்ணும், இன்னொண்ண வேற மாதிரி எண்ணும். நீங்க கம்ப்யூட்டர் படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க, இது அடுக்குமா? அப்பறம் அது ஒண்ணு சொல்லுச்சு. "சைபருன்னா மொதல்ல எந்திரிக்கறதுன்னு அர்த்தம். காலையில உங்க திரையப் போட்ட பின்னாலதான் அவரு திரையப் போடணும். முன்னால அவரு போட்டுட்டா ரெண்டும் எடம் மாறிக்கும்." அதக் கேட்டதும் மனசு ஆறுச்சு. மெஷினுக்கே தெரியுது யாரு மூத்தவன்னு. அந்த வெவரத்த அவனுக்கும் பர்வீனே சொல்லியிருக்குது. ஒரு நாள் நான் பத்து மணிக்குப் போனேன். அவன் ஆறு மணிலருந்து திரையப் போடாம, வாசப்படியில குந்திட்டு, வந்த வண்டிய எல்லாம் நிக்க வெச்சிருக்கறான். வேணும்னே என்னைச் சோம்பேறின்னு ஊருக்குக் காட்டறதுக்கு. வேற எதுக்குங்கறீங்க?

சரி, இது ஆண்டகளூர் கேட்டுங்களா? இல்லீங்களா, தாண்டிட்டோமா? பேசறதுல தெரியல.

எங்க விட்டேன்? ஆங், கன்சோலு. திரை தனித்தனி ஆயிருச்சு. கீபோர்டும் ஆளுக்கொண்ணு. ஆனா சார், இந்தக் கொடுமைய எவன் கண்டுபிடிச்சான்னு தெரியல, ரெண்டு கீபோர்டும் ஒரே கன்சோலுக்குத்தான் போகுது! எது கடைசியா முன்னால வந்து நிக்குதோ அதுக்குத்தான். நான் அடிக்கணும்னா ஆல்ட் கட்டைய அழுத்திட்டு எஃப் ஒண்ண அழுத்தணும். என்னோடது முன்னால வரும். அவன் எஃப் ரெண்ட அழுத்துனா அவனுது முன்னால போயிரும். நான் பாதி அடிச்சிட்டிருக்கறப்ப அவன் அழுத்துனா, என் மிச்ச எழுத்து அவன் திரையில போயி விழுகும்.

மொத நாளே வந்துச்சு பாருங்க ஒரு சீட்டு. என் லாரியோட தலை, அவன் லாரியோட வாலு. டிஎன் எழுபத்தேழுன்னு ஆரம்பிச்சு, நடுவுல அவன் வண்டி நம்பரு. அத வாங்கிட்டுப் போன டிரைவர ஆலைக்காரன் திருட்டு லோடுன்னு உக்கார வெச்சுட்டான். அவன் திரும்பி வந்து ரெண்டு ரூமுக்கும் நடுவுல நின்னு, "நீங்க அண்ணந்தம்பி சண்டை போடறதுக்கு என் பொழப்புத்தானா கெடச்சுது?"ன்னு கத்திட்டுப் போனான்.

பர்வீன்கிட்டக் கேட்டேன். "ஐயா, அத மாத்தறதுக்குக் கொஞ்சம் நாளாகும். சீசன் முடியட்டும். அதுவரைக்கும் ஒருத்தர் அடிச்சு முடிச்சுட்டாரான்னு கேட்டுட்டு இன்னொருத்தர் அடிங்க. ஒரு வார்த்தைதானுங்க"ன்னுச்சு.

ஒரு வார்த்தையாம். அந்த ஒரு வார்த்தைய மூணு வருஷமா நான் கட்டிக் காத்துட்டிருக்கறேன், அதுக்கெங்க தெரியும்?

ஒரு நாள் தள்ளிப் பாத்தேன். முடியல. ரெண்டு பக்கமும் லாரி ஹாரன் அடிக்குது. கடைசியில எந்திரிச்சு வாசல்ல நின்னு கத்துனேன். "ஆச்சா?"ன்னேன். பேர் சொல்லல, தம்பின்னு சொல்லல. வெறும் ஆச்சா. அந்தக் கோடியிலருந்து "ஆச்சு"ன்னு வந்துச்சு.

அன்னைலருந்து பாருங்க தொல்லைய. ஒரு நாளைக்கு நாப்பது தடவை. நான் கேக்கணும் "ஆச்சா?" அவன் சொல்லணும் "ஆச்சு." அப்பறம் அவன் கேக்கணும், நான் சொல்லணும். காலையில ஏழு மணிக்கே போயி வாசல்ல நிக்க வேண்டியதாப் போச்சு. எங்க வீட்டுல கேக்கறா, "கல்யாணத்துக்குப் போற மாதிரி கெளம்பறீங்களே"ன்னு. அவளுக்கென்ன தெரியும் என் எரிச்சலு. ஒரு நாள் மத்தியானம் மூணு மணி இருக்கும், ஆத்தூர்லருந்து மஞ்ச லோடு ஒண்ணு வந்து நிக்குது, கண்ணாடியில முருகன் படம் ஒட்டியிருக்கும், இவன் அங்கருந்து, "ஆச்சாண்ணா?"ங்கறான். அண்ணா! வாய் தவறி வந்திருக்கும். நான் கண்டுக்கவே இல்ல.

அத்தோட விட்டானா? எனக்குப் போன பொரட்டாசியில நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்க. சேலத்துல ஒரு ஆஸ்பத்திரி, நாலு நாளு. ஊரே வந்து பாத்துச்சு. இவன் மட்டும் மேல வரல. நாலு நாளும் கீழ வேப்பமரத்தடியில நின்னுட்டு இருந்தானாம், ராத்திரியும் அங்கயே படுத்திருந்தானாம். மேல வந்து ஒரு வார்த்தை கேட்டானா? அவ்வளவு நெஞ்சழுத்தம். அதுலருந்து எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும், கத்துனா இருமல் வரும், அவ்வளவுதான். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்காரு. எடைமேடைக்காரன் எங்கீங்க நடக்கறது? சீசன்ல ரூமை விட்டு எறங்க முடியுதா?

சரி, இந்த ஆச்சா ஆச்சுவ ஒழுங்காச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? அதுலயும் அழிம்பு, வம்பு. நான் கத்திட்டு ரெண்டு இருமல் இருமுனா, உடனே அவன் வாசலுக்கு வந்து நின்னு உத்துப் பாப்பான். என்னமோ வேடிக்கை மாதிரி. அப்பறம் ஒரு டிரைவர்கிட்ட டம்ளர்ல வென்னி குடுத்து அனுப்பறான். எதுக்கு? என் தொண்டை லட்சணத்தக் குத்திக் காட்டறான். வாங்கிக் கீழ ஊத்தியிருப்பேன், டிரைவர் பாக்கறானேன்னு குடிச்சுட்டேன். அப்பறம் பாத்தா, நான் கேக்கறதுக்கு முன்னாலயே "ஆச்சு, ஆச்சு"ன்னு முந்திக்கறான். அதுக்கப்பறம் ஒரு செவப்புத் துண்டு. முடிஞ்சா துண்ட ஜன்னல் கம்பியில தொங்க விடறான், அடிக்கறப்ப எடுத்துடறான். வாயத் தொறக்கறதில்ல. நான் என்ன ரயில்வே கேட்டா? துண்டப் பாக்காத மாதிரி நானும் வீம்புக்குக் கத்துவேன், "ஆச்சா?" துண்டு தொங்கும், இருந்தாலும் கத்துவேன். அவன் பதில் சொல்லித்தான ஆகணும்?

இப்படியே ஓடிட்டிருந்துச்சுங்க. எரிச்சலோ என்னவோ, ஓடிட்டிருந்துச்சு.

பதினோரு நாளைக்கு முன்னால பர்வீன் வந்துச்சு. நான் வரச் சொல்லவே இல்ல. ரெண்டு மணி நேரம் என்னமோ தட்டுச்சு. "ஐயா, முடிச்சுட்டேன். இனி உங்க கீபோர்டு உங்க திரைக்கு மட்டும், அவரு கீபோர்டு அவரு திரைக்கு மட்டும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அடிச்சாலும் கலக்காது. யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல"ன்னு சிரிச்ச மூஞ்சியோட சொல்லிட்டுப் போயிருச்சு.

அடிச்சுப் பாத்தேன். கலக்கல. அவனும் அடிச்சான். கலக்கல. நாப்பத்தாறு வண்டி அன்னைக்கு. ஒரு சீட்டுக் கூடத் தப்பில்ல.

பதினோரு நாள் சார். லாரி வருது, ஏறுது, எறங்குது. பிரிண்டர் மட்டும் கர்ரு கர்ருங்குது. வாசல்ல போயி நின்னேன். அவன் உள்ள அடிச்சிட்டிருக்கறான். துண்டும் இல்ல. ஒரு தடவை சும்மாவே, "ஆச்சா?"ன்னு கத்திப் பாத்தேன். வாசலுக்கு ஓடி வந்தான். கையை மட்டும் இப்படி ஆட்டுனான், வேண்டாம் வேண்டாம்னு. அவ்வளவுதான் எனக்கு மருவாதி.

அப்பறந்தான் நேத்துப் பர்வீனுக்குப் போனப் போட்டுக் கேட்டேன், யாரு அம்மிணி உன்னை இதச் செய்யச் சொன்னதுன்னு. "உங்க தம்பிதானுங்க. அவரே கடைக்கு வந்தாரு. சீசன் முடியற வரைக்கும் தள்ளாத, அண்ணன் அங்கருந்து கொரல் குடுக்கற சோலியே இருக்கக் கூடாது, ஒடனே பண்ணிக் குடும்மான்னு மத்தியானம் வரைக்கும் நகராம நின்னாரு"ங்குது.

பாத்தீங்களா? வண்டி நிக்கறப்ப, வியாபாரத்த விட்டுப்போட்டு, பஸ் ஏறி சேலம் போயி, மத்தியானம் வரைக்கும் நின்னிருக்கறான். எதுக்கு? என் கொரலு கேக்கக் கூடாதுன்னு. அவ்வளவு கசப்பு. ராத்திரி பூராத் தூக்கமில்ல எனக்கு. இவன் எட்டு வயசுல வெசக் காய்ச்சல் வந்து படுத்தப்ப, இவனைத் தூக்கிட்டு நாமகிரிப்பேட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தவன் நானு. என் கொரலு இவனுக்கு ஆகாதாம்.

காலையில அஞ்சரை மணிக்கே போனேன். அவன் வர்றதுக்கு முன்னால ஒயரெல்லாம் புடுங்கி, இதப் பையில போட்டுட்டுக் கெளம்பிட்டேன். மேடை இன்னைக்கு மூடுதான். நிக்கட்டும் லாரி.

என்ன ரிப்பேருங்கறீங்களா? ரிப்பேரெல்லாம் இல்லீங்க. நல்லாத்தான் ஓடுது. பழையபடி ஆக்கிக் குடுன்னு கேக்கப் போறேன். ரெண்டு கீபோர்டும் ஒரே கன்சோலுக்குப் போகணும். ஆமாங்க, கலக்கற மாதிரியே. ஏன்னா... ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அடிச்சா இத்தனூண்டு கம்ப்யூட்டரு சூடாகிப் போயிராதுங்களா? நீங்க அப்படிப் பாக்காதீங்க. சூடாகாதுங்கறீங்களா? உங்களுக்கு எங்கூரு வெயிலு தெரியாது.

இருங்க, போன் அடிக்குது. பையில எந்தப் பக்கம்... இதா. யாருன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன், எழுத்துப் பொடியா இருக்குது.

வையாபுரியா? நல்லாப் பாருங்க. வையாபுரின்னா போட்டிருக்குது?

எடுக்கறதுங்களா? எடுக்கறேன். இத எப்படித் தள்ளறது... ஆங்.

"ம். சொல்லு... நான் ஒண்ணும் கத்தல, பஸ்சு சத்தம்... ஆமா, கம்ப்யூட்டர் என்கிட்டத்தான் இருக்குது... சேலம் பஸ்ல போறேன், உனக்கென்ன?... என்னது?... மேசையிலயா? சட்டைப் பையிலயே இருக்கும்... இரு, பாக்கறேன்... இல்ல. விட்டுட்டு வந்துட்டேனாட்ட இருக்குது... இன்னும் போடல... டேய், நீ எதுக்கு என் ரூமுக்குள்ள போனே?... சாப்பிட்டுட்டேன்... ரெண்டு இட்டிலி... சரி... சரிடா... மல்லூர்லயா? லாரி எத்தன நிக்குது?... அஞ்சா? அஞ்சு லாரிய விட்டுப்போட்டா வர்றே?... சரி. நெழல்ல நிக்கறேன். சரி. பாத்து வா, வேகமா வராத."

...

மாத்திரை டப்பாவ மேசையிலயே வெச்சுட்டு வந்துட்டேனாம் சார். கம்ப்யூட்டரக் காணோம்னு என் ரூமுக்குள்ள போயிப் பாத்திருக்கறான். ரூமு கட்டினதுலருந்து இன்னைக்குத்தான் அந்தப் படிய மிதிச்சிருக்கறான். மல்லூர்ல எறங்கி நில்லு, வண்டி எடுத்துட்டு வர்றேங்கறான். அஞ்சு லாரி நிக்குதாம். வியாபாரம் தெரியாதவன்.

மூணு வருஷம் நாலு மாசம். மொதப் பேச்சு என்ன பேசுனான் தெரியுங்களா? நான் எடுத்ததும் கொஞ்சம் சத்தமாக் கேட்டுட்டேன், சொல்லுன்னு. உடனே, "அண்ணா, கத்தாத. மூச்சு வாங்கும். மெதுவாப் பேசு, எனக்குக் கேக்குது"ங்கறான்.

மூச்சு வாங்கும்னு...

அப்ப அந்த வென்னி... அந்தத் துண்டு...

ஒண்ணுமில்லீங்க. கண்ணுல தூசி. ஜன்னலச் சாத்திக்கலாங்களா? வேண்டாம், இருக்கட்டும், மல்லூர் வந்துருச்சாட்ட இருக்குது. சார், பையக் குடுங்க. ரொம்ப நேரம் வெச்சிருந்தீங்க, புண்ணியமாப் போகும்.

"கண்டக்டர், மல்லூர் எறங்கறேன்... சேலத்துக்கு எடுத்தேன், ஆமா, தெரியும். எறங்கறேங்கறேன், விசிலடிங்க."

இல்லீங்க, சேலம் போகல. பர்வீன் பண்ணுனது அப்படியே இருக்கட்டும். நல்லாத்தான பண்ணியிருக்குது. நாந்தான் அவசரப்பட்டு ஒயரப் புடுங்கிட்டேன், போயி மாட்டணும். அவன் திரையக் கொஞ்ச நேரம் கழிச்சுப் போடச் சொல்லணும், மொதல்ல என்னோடது எந்திரிக்கணும்.

அவன்கிட்ட ஏதாவது கேக்கணும்னாங்கறீங்களா? கேக்கணும்னா எறங்கிப் போயிக் கேட்டுக்கறேன். அறுபது அடிதானுங்க. காலையில ஒரு பத்துத் தடவை, சாயங்காலம் ஒரு பத்துத் தடவை, மேடை ஓரமாவே நடந்து போயிட்டு வந்தா ஆச்சு.

அவனுக்காக இல்லீங்க. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு.